கேஸ் கீழேதான் கிடக்கும்

கடற்படையில் வேலை என்றால் எங்கள் ஊரில் முதலில் பீரங்கியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஆட்கள் நாங்கள். வீடு கேரளத்தில், பெண் கட்டிக்கொடுத்த இடம் தமிழ்நாட்டில், ரேஷன் ஒரு பக்கம், மீன் வாங்குவது மறுபக்கம். லீவில் வந்து நிற்கும்போது டீக்கடையில் யாராவது பெரியவர் பிடித்துக்கொள்வார். “நேவியில என்னடே சோலி?” ஏ.சி.யும் கோல்டு ரூமும் பார்க்கிறேன் என்றால் அவர் முகம் அப்படியே வாடிவிடும். “அதுக்கு எதுக்குடே கடலுக்குப் போணும்? நெய்யாற்றின்கரையில ஒரு கட போட்டா போராதா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏ.சி. என்றால் சொகுசு என்று நாமெல்லாம் பழகிவிட்டோம். போர்க்கப்பலில் குளிர்ச்சியின் முதல் பங்கு வெடிமருந்துக்குப் போகும். பீரங்கி மருந்து சூடு கண்டால் தானாகச் சிதையத் தொடங்கும். சிதையச் சிதைய இன்னும் சூடேறும். பிரெஞ்சுக் கடற்படையின் ‘ஈயெனா’ 1907-லும் ‘லிபெர்த்தே’ 1911-லும் தூலோன் துறைமுகத்திலேயே வெடித்துப்போயின. எதிரி யாரும் கிட்டே வரவில்லை. கெட்டுப்போன மருந்தே வேலையை முடித்துவிட்டது. இரண்டாம் பங்கு ரேடார், சோனார், கணினி அலமாரிகளுக்கு. குளிர்ந்த தண்ணீர் நின்றால் கொஞ்ச நேரத்தில் கப்பலுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. மூன்றாவது இறைச்சி, மீன், காய்கறி வைக்கிற அறைகளுக்கு. எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்தால் மனுஷனுக்கு. அரபிக்கடலில் மே மாதம் கப்பலின் உள்தட்டில் படுத்தவனுக்கு அந்த மிச்சத்தின் அருமை தெரியும்.

பிளாண்ட் இருக்கும் அறை பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே. ஒரு ஹாட்ச், செங்குத்தாக ஓர் ஏணி, இறங்கினால் கம்ப்ரஸர், கண்டன்சர், சில்லர், பம்புகள். இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நழுவிப் போகிற அளவுக்கு இடம். கடல் தண்ணீரை இழுத்து கண்டன்சரைக் குளிரவைத்து, சூடான தண்ணீரை மறுபடி கடலில் விடுவோம். கொச்சியில் மழைக்காலத்தில் காயலிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக அழிமுகத்தை நோக்கி வரும். கடல் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் வேரும் தண்டும் சேறுமாக, நடுவே உயிரோடு சின்ன நண்டுகள். வெளிக்கடலில் சொறிமீன். தண்ணீர் குறைந்தால் உள்ளே சுற்றுகிற குளிர்வாயுவின், எங்கள் பேச்சில் கேஸின், அழுத்தம் ஏறும்; ஆர்-22 வகை என்றால் 40 டிகிரியிலேயே 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி நிற்கும். அப்போது ஹை பிரஷர் கட்-அவுட் தட்டி கம்ப்ரஸர் நிற்கும். மேலே ரேடார் அறையிலிருந்து சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து கட்-அவுட்டை ஒயர் போட்டுக் கட்டிவிட்டு ஓட்டுகிற ஆட்களும் உண்டு. அவர்களோடு வேலை பார்க்க நேர்ந்தால் நான் முதலில் அந்த ஒயரை அறுப்பேன், பிறகுதான் குட்மார்னிங் சொல்வேன்.

இந்தத் தொழிலின் ஆபத்தை ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து சொல்லலாம். 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி என்கிற அமெரிக்க விஞ்ஞானி, தான் உண்டாக்கிய ஃபிரியான் என்கிற புதிய குளிர்வாயு எவ்வளவு சாது என்று காட்ட, வேதியியலாளர் கூட்டத்தில் அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின் மேல் ஊதினார். திரி அணைந்தது. விஷமில்லை, தீப்பற்றாது என்று எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை குளிர்பெட்டிகளில் இருந்தது அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும். அவற்றோடு ஒப்பிட்டால் ஃபிரியான் தெய்வம்தான். (பெட்ரோலில் ஈயம் கலக்க வழி சொன்னதும் இதே மிட்ஜ்லிதான். ஒரே ஆள் எத்தனை காரியம் செய்துவிட்டுப் போகிறான்.) அது ஓசோனைத் தின்கிற கதை பிறகு வந்தது: 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம், 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது, ஆர்-12 போனது, ஆர்-134ஏ வந்தது. ஆனால் கப்பலுக்குள் இறங்குகிறவனுக்கு அந்த மெழுகுவர்த்திதான் பாடம். திரியை அணைத்த வாயு நெஞ்சுக்குள்ளும் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆர்-22 காற்றைப்போல் மூன்று மடங்கு கனம், ஆர்-12 நாலு மடங்கு. மணம் இருக்காது, மிஞ்சினால் லேசாக ஒரு இனிப்பு வாடை, அதுவும் எண்ணெய் நாற்றத்தில் தெரியாது. கசிந்தால் கப்பலின் அடிப்பள்ளமான பில்ஜில் போய்ப் படுத்துக்கொள்ளும். நின்றுகொண்டிருப்பவன் பிழைப்பான், குனிந்து நட்டு முடுக்குகிறவன் சரிந்துவிடுவான். இன்னொன்றும் உண்டு: இந்த வாயு அதிகம் ஏறிய உடம்பில் பயமோ ஓட்டமோ சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அதனால் கேஸ் அடித்தவனை உலுக்காதே, ஓடவிடாதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். மூச்சுத் திணறலும் வராது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு; அது வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருக்கும், உள்ளே வர வேண்டிய பிராணவாயுதான் வராது. நமக்கு வழக்கமாக 21 சதவீதம் வேண்டும். 10-க்குக் கீழே போனால் ஆள் எச்சரிக்கையே இல்லாமல் விழுவான்.

ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், பழுதுபார்ப்பு முடிந்து கேஸ் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். பிளாண்ட் அறையில் ஸ்பானர் ஒன்று விழுந்துவிட்டது என்று ஒரு பையன் ஏணியில் இறங்கினான். கீழே போய்க் குனிந்தான். எழுந்திருக்கவில்லை. மெல்ல முழங்காலில் உட்கார்ந்து, தூக்கம் வந்தவன் மாதிரி கம்ப்ரஸரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். மேலே நின்ற எனக்கு உடம்பெல்லாம் பதறி, கால் தானாகவே ஏணியில் போய்விட்டது. பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தவர் தூத்துக்குடிக்காரர், எங்கள் சீஃப். “கணக்கு ஒண்ணுலயே நிக்கட்டும்லே” என்றார். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. அவர் ஒரு கையால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல்லிக்கொண்டே, மறுகையால் பாஸ்கா செட்டை, அதாவது முதுகில் சுமக்கும் மூச்சுக்கருவியை, மாட்டினார். முகமூடியின் விளிம்பில் விரலை ஓட்டி இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். அந்த விரல் ஓட்டத்துக்கு இரண்டு நொடி ஆகியிருக்கும். ஆனால் எனக்கு அது முடியவே முடியாதது போலிருந்தது. பிறகு இறங்கி, இடுப்பில் கயிறு கட்டி, நாங்கள் மேலிருந்து தூக்கினோம். பையன் சிக்பேயில், கப்பலின் மருத்துவ அறையில், படுத்து எழுந்து வந்தான். அடைபட்ட அறைகளில் உலகமெங்கும் செத்தவர்களில் பலர் இரண்டாவதாக இறங்கியவர்கள். காப்பாற்றப் போனவர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் ஹாலைடு விளக்கு. சின்னச் சுடர், சுடருக்குள் ஒரு செம்புத் தகடு, பக்கத்தில் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய். குழாயின் நுனியை பிளாஞ்ச் பிளாஞ்சாக, வால்வு வால்வாகக் கொண்டுபோவோம். நீலச் சுடரில் பச்சை தட்டினால் அங்கே கசிவு. அந்தப் பச்சையை முதன்முதலில் பார்க்கிறவன் அழகு என்பான். பச்சை முற்றி ஊதாவுக்குப் போனால் விளக்கை அணைத்துவிட்டு மேலே ஏற வேண்டும். சுடரில் பட்ட கேஸ் அமிலமாகவும், கொஞ்சம் பாஸ்ஜீனாகவும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் உலகப்போரில் பதுங்கு குழிகளில் விட்ட அதே பாஸ்ஜீன். நீர்மூழ்கிகளில் இந்தத் தொல்லை வேறு விதமாக வரும்: உள்காற்றைச் சுத்தம் செய்ய எரிகலம் ஓடுகிற நீர்மூழ்கிகளில், கசிந்த குளிர்வாயு அந்தச் சூட்டில் பட்டு அமிலமாகி எல்லோர் கண்ணிலும் தொண்டையிலும் எரியும். ஆர்-134ஏ வந்த பிறகு ஹாலைடு விளக்குக்கு வேலை போய்விட்டது, அதில் குளோரின் இல்லாததால் சுடர் நிறம் மாறாது. விளக்கு பச்சையாகவில்லை, கசிவில்லை என்று புதிய கேஸின் முன் பழைய விளக்கோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றோட்டம் இந்தத் தொழிலின் மறுபாதி. கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்தில் சுமார் 2,300 அறைகள். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் அதில் காண்ட்ராக்டில் வெல்டிங்கும் டக்ட் வேலையும் பார்த்தவர்கள்தான். ஆள் புழங்குகிற அறைகளுக்கெல்லாம் காற்று போக ஒரு வழி, வர ஒரு வழி. அந்த வழியிலேதான் புகையும் போகும், தீயும் போகும். தீ என்று குரல் வந்தால் முதல் காரியம் ஃபேன்களை ஒரே அடியாக நிறுத்துவது. ‘கிராஷ் ஸ்டாப்’ என்போம். அப்புறம் ஃபிளாப்புகளை மூட வேண்டும். வருஷக்கணக்கில் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து ஒட்டிப்போன ஃபிளாப் அன்றைக்கு அசையாது. சமையலறை எக்ஸாஸ்ட் டக்டை உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்தவனுக்குத் தெரியும், விரலில் வருவது எண்ணெய்ப் பிசின். அடுப்பிலிருந்து ஒரு சுடர் அதைத் தொட்டால் தீ அந்த அறையில் நிற்காது, டக்டின் வழியாக மூன்று தட்டு தாண்டிப் போய் வேறொருவன் தலைமாட்டில் வெளிவரும். ஆண்டுக்கொருமுறை அதைச் சுரண்டுகிற வேலைக்கு யாரும் மெடல் தரமாட்டார்கள்.

மூடிவைத்த காலி அறைகள் இன்னும் மோசம். அங்கே கேஸும் வேண்டாம், புகையும் வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கப் பிராணவாயு வேண்டும். அடைத்த அறையின் சுவரே அதைத் தின்று தீர்த்துவிடும். நெய்யாற்றின்கரை கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவின் பொந்துக்குள் மார்த்தாண்ட வர்மா ஒளிந்து பிழைத்தார் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். பலா மரமாக இருந்ததால் பிழைத்தார். மூடி போட்ட இரும்புப் பொந்தாக இருந்திருந்தால் திருவிதாங்கூர் சரித்திரமே வேறு.

காப்பாற்றவும் சுத்தப்படுத்தவும் வைத்த ஏற்பாடே ஆளைக் கொல்வதும் கப்பலில் நடக்கும். 2014 மார்ச்சில் மும்பை மசகான் டாக்கில் ‘கொல்கத்தா’ என்ற புதிய போர்க்கப்பலின் சோதனையின்போது தீயணைப்புக்கு வைத்திருந்த கரியமில வாயு கசிந்து ஒரு கமாண்டர் இறந்தார். 2016 ஜூனில் கார்வாரில் நின்ற விக்ரமாதித்யாவில், கழிவுநீர் சுத்திகரிப்பு அறையில் பராமரிப்பு வேலை நடக்கையில் ஹைட்ரஜன் சல்பைடு வந்து இரண்டு பேர் போனார்கள், ஒருவர் கடற்படைக்காரர், மற்றவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் பெரியது ரஷ்ய நீர்மூழ்கி ‘நெர்பா’. 2008 நவம்பர் 8, ஜப்பான் கடலில் சோதனை ஓட்டம், உள்ளே 208 பேர். வழக்கமாகப் போகிற ஆட்களைவிட மிக அதிகம். பாதிக்கு மேல் கப்பல்கட்டும் தளத்துத் தொழிலாளிகள். தீயணைப்புக் கருவி தீயில்லாமலே இயங்கி ஃபிரியான் வகை வாயுவைக் கொட்டியது. 20 பேர் இறந்தார்கள். அந்த வாயுவில் மலிவான வேறொரு ரசாயனம் கலந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. அந்த நீர்மூழ்கிதான் 2012 ஏப்ரலில் ஐ.என்.எஸ். சக்ரா என்ற பெயரில் விசாகப்பட்டினத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. அதில் இறங்கிய நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை தெரியும்.

2022 ஜனவரி 18-இல் மும்பை டாக்யார்டில் ஐ.என்.எஸ். ரண்வீரில் வெடிப்பு. மூன்று மூத்த மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் உள்ளறை ஒன்றில் வெடிப்பு என்று கடற்படை சொன்னது, ஏ.சி. அறையில் கேஸ் கசிவு என்று செய்திகளில் வந்தது. அந்த வாரம் ஊரில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: “தீப்பிடிக்காத கேசுன்னு நீதான சொன்ன, பின்ன எப்படிடே வெடிச்சுது?” ரண்வீரில் என்ன நடந்தது என்பது விசாரணைக்காரர்கள் பாடு. பொதுவாக எப்படி வெடிக்கும் என்பதை மட்டும் சொன்னேன். அழுத்தத்தில் அடைத்து வைத்த எதுவும் வெடிக்கும், அதற்குத் தீ வேண்டாம். சாதாரண அழுத்தத்தில் எரியாத ஆர்-22, காற்றோடு கலந்து அழுத்தம் ஏறினால் எரியும். அதனால்தான் கசிவு பார்க்கக் காற்றையும் கேஸையும் சேர்த்து அடிக்கவே கூடாது, நைட்ரஜன்தான். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று பக்கத்திலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுகிறவனுக்கு, கம்ப்ரஸருக்குள் இருக்கிற எண்ணெயே வெடிமருந்து. கரையிலும் இப்படிச் செத்த மெக்கானிக்குகள் உண்டு.

என் மனசில் அதிகம் கிடப்பது அதற்கு முந்தைய ஒன்று, எங்களுக்கு இன்னும் கிட்டே நடந்தது. 2018 பிப்ரவரி 13, கொச்சி கப்பல்கட்டும் தளம். ஓ.என்.ஜி.சி.யின் துளைக்கப்பல் ‘சாகர் பூஷண்’ பழுதுபார்ப்புக்கு டிரை டாக்கில் ஏறியிருந்தது. காலை வேலை தொடங்கும் நேரம். வெல்டிங்குக்கு வைத்த அசிட்டிலீன் கசிந்து அடைபட்ட இடத்தில் நிறைந்திருந்தது. அது வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள், கேரளத்துத் தொழிலாளிகள். ‘கேஸ் கீழேதான் கிடக்கும்’ என்று எங்களுக்குப் பாடம் சொன்ன சீஃபின் வாக்கு இங்கே உதவாது. அசிட்டிலீன் காற்றைவிட லேசாகவே எடை குறைவு. அது கீழே படுக்காது, மேலே போய் ஒதுங்கவும் செய்யாது, அறை முழுக்கக் கலந்து நிற்கும். நூற்றுக்கு இரண்டரை பங்கு இருந்தாலே போதும், ஒரு சுவிட்சின் பொறி பற்ற வைத்துவிடும். எந்த வாயு என்று தெரியாமல் அதன் குணத்தைப் பேச முடியாது.

ஓய்வு பெற்று வந்த பிறகு அந்தப் பெரியவர் சொன்னபடியேதான் ஆயிற்று. கடை போடவில்லை, ஆனால் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறேன். களியக்காவிளை மீன் சந்தைக்கு ஐஸ் தருகிற பிளாண்டுகள், தூத்தூர் பக்கத்துப் படகுக்காரர்கள், பாறசாலைக் கல்யாண மண்டபங்கள். ஐஸ் பிளாண்டில் இன்னமும் அம்மோனியா. அது காற்றைவிட இலேசு, மேலே ஏறும். தப்பிக்கிறவன் குனிந்து, நனைத்த துண்டை முகத்தில் வைத்துப் போக வேண்டும். கப்பலில் படித்ததற்கு நேர் எதிர். கசிவு பார்க்கக் கந்தகத் திரியைக் கொளுத்திக் கொண்டுபோவார்கள். அம்மோனியா பட்ட இடத்தில் திரியின் புகை பால் மாதிரி வெளுக்கும். ஐஸ் பிளாண்டில் முடி நரைத்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார், திரியே வேண்டாம், மூக்காலேயே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். அம்மோனியாவிடம் அந்த நல்ல குணம் உண்டு, கண்ணீர் வர வைத்து ஆளை விரட்டிவிடும். அந்த அண்ணாச்சியிடம் ஃபிரியானைப் பற்றிச் சொன்னால், “மணமில்லாத கேசா? அது களவாணில்ல” என்பார்.

ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் மீன் அறை இருக்கிறது. வாரக்கணக்கில் ஐஸில் கிடந்த மீனின் கழிவுத் தண்ணீர் அடியில் தேங்கும். கரையேறி மூடியைத் திறந்ததும் ஒருவன் உள்ளே குதிப்பான், கழுவ. அழுகலில் வரும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் அங்கேயேதான் படுத்திருக்கும். பொழியூர், நீரோடிப் பையன்களிடம் நான் சொல்வது: மூடியைத் திறந்துவிட்டு ஒரு டீ குடித்து வா, காற்றடிக்கிற ஃபேன் இருந்தால் குழாயை அடிவரை விடு, மேலே ஒருத்தன் கயிறோடு நிற்கட்டும். கிணறு இறைக்கிற எங்கள் பாட்டன்மார் இதை வேறு விதமாகச் செய்தார்கள். இலை அடர்ந்த கிளையைக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கிய பிறகுதான் ஆள் இறங்குவான். விளக்கையும் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவு என்று தெரியும். ஆனால் அணையவில்லை என்பதற்காக ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எரிவாயு இருக்குமோ என்று சந்தேகம் உள்ள இடத்தில் விளக்கை இறக்கவும் கூடாது.

இப்போது எனக்கிருக்கிற கவலை வேறு. வீட்டு ஏ.சி.களில் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் கேஸின் சொந்தக்காரன். ஆர்-32-ம் மெல்லத் தீப்பற்றும். ஓசோனுக்கு நல்லது, பூமியையும் அவ்வளவு சூடாக்காது என்பதால் கொண்டுவந்தார்கள், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. இரண்டும் காற்றைவிடக் கனம், தரையோடு கிடக்கும். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு என்னோடு வருகிற பையன்கள் கெட்டிக்காரர்கள், பிரேசிங் என்னைவிட நேர்த்தி. ஆனால் அவர்களுக்குக் கை பழகியது தீப்பிடிக்காத கேஸில். குழாயை வெட்டி, உள்ளே மிச்சமிருக்கிற கேஸை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு டார்ச்சைப் பற்ற வைக்கிறார்கள்.

“ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கு, படிச்சியாடே?”

“மாமா, எல்லாம் ஒண்ணுதான மாமா.”

டார்ச்சை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். கேஸை வெளியில் எடுத்து, நைட்ரஜன் ஓட்டி, ஜன்னலைத் திறந்து, தரையோரம் ஃபேன் வைத்த பிறகு திருப்பித் தருகிறேன். நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லாத நாளில் வேலை நின்றுவிடும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், நேவிக்காரன் பந்தா என்று சொல்வதும் காதில் விழும். மறுநாள் காலையில் ஆட்டோவில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போய் முடித்துக் கொடுக்கிறோம்.